பார்வோ: பூனை வைரஸ் நாய்க்குத் தாவிய கதை

1970-ல் கால்நடை மருத்துவம் படித்து முடித்து வெளியே வந்த ஒருவரின் பாடப்புத்தகத்தைப் புரட்டினால், 'பார்வோ ரத்தக் கழிச்சல்' என்று ஒரு நோயே அதில் இருக்காது. இன்று நாய்க்குட்டி வளர்க்கும் வீடுகளில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. நேற்று மாலை வரை செருப்பைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடிய குட்டி, காலையில் பால் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மதியத்துக்குள் வாந்தி தொடங்கும். இரவுக்குள் ரத்தம் கலந்த கழிச்சல். ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்கவே முடியாத நாற்றம். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வரை செத்துப்போகும். பல குட்டிகள் மூன்றாவது நாளைப் பார்ப்பதில்லை.

மனிதனோடு நாய் வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இந்த நோய்க்கோ இன்னும் ஐம்பது வயதுதான். ஒரு நோய் பிறந்ததையும், கண்டம் விட்டுக் கண்டம் பரவியதையும், தன் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டதையும் விஞ்ஞானிகள் நேருக்கு நேர் பார்த்துக் குறித்துவைத்திருக்கும் வாய்ப்பு மிக அபூர்வம். பார்வோ அப்படிப்பட்ட ஒன்று. இவ்வளவு தெரிந்திருந்தும் நம் ஊரில் குட்டிகள் ஏன் இப்படிச் சாகின்றன என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

1978: எதிர்ப்பே இல்லாத உலகம்

1978-ல் அமெரிக்காவின் நாய்க் கண்காட்சிகளிலும் நாய்ப் பண்ணைகளிலும் இனம் தெரியாத வாந்தியும் கழிச்சலும் பரவின. அதே ஆண்டில் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று எல்லாப் பக்கமிருந்தும் அதே செய்தி. கிட்டத்தட்ட எந்த நாயின் உடம்பிலும் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி கிடையாது. ஆகவே குட்டி, பெரியது என்ற பேதம் இல்லாமல் விழுந்தன. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளுக்குக் கழிச்சல்கூட வரவில்லை. வைரஸ் நேராக இதயத் தசையைத் தாக்கியது. தாய்மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி அப்படியே துவண்டு உயிரை விட்டது. இன்று அந்த இதய நோய் அரிது. காரணம், பெரும்பாலான தாய் நாய்களுக்கு ஊசியாலோ பழைய தொற்றாலோ எதிர்ப்பு இருக்கிறது; சீம்பால் வழியாக அது குட்டியை முதல் சில வாரங்கள் காக்கிறது.

பனிப்பெட்டிகளில் பத்திரப்படுத்தியிருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது தடயம் ஐரோப்பாவில் கிடைத்தது. கிரேக்கத்தில் 1974-லும் பெல்ஜியத்தில் 1976-லும் எடுத்த நாய் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. யாரும் கவனிக்காமல் சில ஆண்டுகள் அங்கே புகைந்துகொண்டிருந்துவிட்டுப் பிறகு வெடித்திருக்கிறது. இந்தியாவுக்கு வந்து சேரவும் நாளாகவில்லை. 1980-களின் தொடக்கத்திலேயே இந்த நோய் இங்கே பதிவானது. அந்த முதல் பதிவுகள் சென்னையிலிருந்து வந்தவை.

அந்த நெருக்கடியில் மருத்துவர்கள் கையில் எடுத்தது பூனைத் தடுப்பூசி. பூனைகளுக்கு வெள்ளணுக்களை அழித்துக் கழிச்சலை உண்டாக்கும் 'பேன்லூகோபீனியா' என்ற பழைய நோய் உண்டு. அதற்கான ஊசியைப் போட்டால் நாய்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. நாய் வைரஸ் எந்த வம்சத்திலிருந்து வந்தது என்பதற்கு அதுவே முதல் குறிப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நிலையத்தில் லீலண்ட் கார்மைக்கேலும் மேக்ஸ் ஆப்பெலும் நாய்களுக்கென்றே தடுப்பூசியை உருவாக்கும் வேலையில் இறங்கினார்கள். நியூசிலாந்திலிருந்து அங்கே ஆய்வு மாணவராக வந்து சேர்ந்த காலின் பாரிஷ், இந்த வைரஸ் எப்படிப் பூனையிலிருந்து நாய்க்கு வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அதை அவர் வாழ்நாள் ஆய்வாகவே ஆக்கிக்கொண்டார்.

இரண்டு இடத்தில் நடந்த மாற்றம்

பார்வோ வைரஸ் இயற்கையின் மிகச் சிறிய வைரஸ்களில் ஒன்று. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மரபணுத் தொடர் சுமார் 5,200 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை டிஎன்ஏ. கொரோனா வைரஸுக்குக் கிட்டத்தட்ட 30,000 எழுத்துகள். இந்தச் சின்னஞ்சிறு தொடரைச் சுற்றி அறுபது புரதத் துண்டுகள் சேர்ந்த ஓர் ஓடு, அவ்வளவுதான் வைரஸ். அந்த ஓட்டின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து 1991-ல் வெளியிட்டது பர்டூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ராஸ்மன் குழு.

ஓட்டின் பெரும்பகுதி 'விபி-2' என்ற புரதம். பூனை வைரஸின் விபி-2-ஐயும் 1978-ன் நாய் வைரஸின் விபி-2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் வித்தியாசம். அவற்றிலும் 93-ஆவது இடமும் 323-ஆவது இடமும்தான் தீர்மானமானவை. அந்த இரண்டு இடத்தில் மாற்றம் நடந்ததால் பூனை வைரஸுக்கு நாயின் செல் திறந்துவிட்டது.

எப்படித் திறந்தது என்பது இன்னும் சுவையானது. நம் உடம்பைப் போலவே நாயின் உடம்பிலும் செல்கள் இரும்புச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ள மேற்பரப்பில் 'டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி' என்றொரு புரதத்தை வைத்திருக்கின்றன. பார்வோ வைரஸ் உள்ளே நுழைவது அதைப் பிடித்துக்கொண்டுதான். பூனையின் ஏற்பியில் இல்லாத ஒரு சர்க்கரைச் சங்கிலி நாயின் ஏற்பியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பூனை வைரஸ் அதில் முட்டித் திரும்பிவிடும். ஓட்டின் மேடு பள்ளம் சற்றே மாறிய புதிய வைரஸ், அந்தச் சங்கிலியை மீறி ஒட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு இரும்பு அதிகம் தேவை. அவற்றில் ஏற்பியும் அதிகம். வைரஸ் பெருகுவதற்கும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லே வேண்டும். அதனால்தான் அது ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் சிறுகுடல் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் குறிவைக்கிறது. குடலின் தடுப்புச்சுவர் உரிந்துபோகிறது, அதே நேரத்தில் வெள்ளணு உற்பத்தியும் நின்றுபோகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலக்கின்றன, எதிர்க்க ஆள் இல்லை. குட்டி சாவது இந்த இரட்டை அடியில்தான்.

2, 2ஏ, 2பி, 2சி

நாய்க்குள் நுழைந்த முதல் வைரஸின் பெயர் 'சிபிவி-2'. நாய்களில் ஏற்கெனவே வேறொரு சாதுவான பார்வோ வைரஸ் அறியப்பட்டிருந்ததால் இதற்கு இரண்டாம் எண். நாயைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட இந்த வைரஸ், பூனையைப் பிடிக்கும் திறனை இழந்துவிட்டது. ஆனால் அதன் ஆட்டம் நீடிக்கவில்லை. 1979-80-லேயே ஓட்டில் மேலும் சில இடங்கள் மாறிய '2ஏ' தலைகாட்டியது. சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுக்க முதல் வைரஸைத் துடைத்துத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. அசல் சிபிவி-2 இன்று இயற்கையில் பரவுவதில்லை. அது உயிரோடிருப்பது தடுப்பூசிப் புட்டிகளில்தான். 2ஏ-க்கு இன்னொரு திறமையும் வந்தது. மூத்த வைரஸ் இழந்துவிட்ட பூனைகளை அது மறுபடி பிடித்துக்கொண்டது.

1984-ல் '2பி'. 2000-ல் இத்தாலியில் பாரி நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது '2சி'. ஜெர்மனியின் பழைய மாதிரிகளைத் தோண்டிப் பார்த்தபோது 2சி 1996-லேயே அங்கே இருந்தது தெரியவந்தது. இந்த மூன்றையும் பிரிப்பது ஓட்டின் 426-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம். அஸ்பராஜின் இருந்தால் 2ஏ, அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் 2பி, குளூட்டாமிக் அமிலம் இருந்தால் 2சி.

விஞ்ஞானிகளை வியக்கவைத்தது இந்த மாற்றத்தின் வேகம். டிஎன்ஏ வைரஸ்கள் பொதுவாக மெதுவாக மாறுபவை. பார்வோ தன் படியெடுப்பு வேலையை நாயின் செல்லிலிருக்கும் நொதியைக் கொண்டே முடித்துக்கொள்கிறது. அந்த நொதியோ பிழைதிருத்தத்தில் கெட்டி. அப்படியிருந்தும் ஒரு எழுத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இது மாறுகிறது. அடிக்கடி மாறுவதில் பேர்போன ஆர்என்ஏ வைரஸ்களின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட நிகர். 5,200 எழுத்துக்குக் கணக்குப் போட்டால், சுமார் இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 2ஏ, 2பி, 2சி என்பவற்றைத் தாத்தா, அப்பா, பேரன் என்று வரிசையாக நினைத்துக்கொள்ளக் கூடாது. முழு மரபணுத் தொடரையும் படித்துக் குடும்ப மரம் வரைந்தால், இந்தப் பெயர்கள் கிளைகளோடு பொருந்துவதில்லை. 426-ஆவது இடத்து மாற்றம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக, ஒன்றுக்கும் மேற்பட்ட முறை நடந்திருக்கிறது. ஐரோப்பாவின் 2சி-யும் ஆசியாவின் 2சி-யும் பெயரில் ஒன்று, வம்சம் வேறு. சீனா, தைவான், வியட்நாம், தாய்லாந்து என்று பரவி இன்று இந்தியாவிலும் காணப்படுவது அந்த ஆசிய வம்சம். தாய்லாந்திலிருந்து கொண்டுபோன ஒரு குட்டியோடு அது இத்தாலிக்கே போய்ச் சேர்ந்தது. நம் நாட்டில் நீண்ட காலம் 2ஏ-தான் கோலோச்சியது. 2பி-யும் கூடவே இருந்தது. 2010 முதல் 2சி பற்றிய ஆய்வறிக்கைகள் வரத் தொடங்கின. தென்மாநில மாதிரிகளிலும் அது இருக்கிறது.

ஒரு தீவு கொடுத்த விலை

வைரஸ் வீட்டு நாயோடு நின்றிருந்தால் இந்தக் கதை பாதியில் முடிந்திருக்கும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி நடுவில் ஐல் ராயல் என்றொரு தீவு, தேசியப் பூங்கா. உறைந்த ஏரியின் மேல் நடந்துவந்து குடியேறிய ஓநாய்களும், அவை வேட்டையாடும் மூஸ் என்ற பெரிய மான்களும் அங்கே உண்டு. இரண்டின் எண்ணிக்கையையும் 1958 முதல் ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். 1980-ல் ஐம்பது ஓநாய்கள் இருந்தன. 1982-ல் பதினான்கு.

தீவுக்குள் நாயைக் கொண்டுவரத் தடை உண்டு. தடையை மீறி ஒரு சுற்றுலாப் பயணி கொண்டுவந்த நாயோடு பார்வோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பின்னர் பிடித்துச் சோதித்த ஓநாய்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் ஆன்டிபாடிகள் இருந்தன. ஓநாய் குறைந்ததும் மூஸ் பெருகியது. 1990-களின் நடுவில் அவற்றின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது. தீவின் இளம் ஃபர் மரங்களைத் தலைதூக்கவிடாமல் மேய்ந்தன. 1996-ன் கடும் பனிக்காலத்தில் தீனி கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் மடிந்தன. எஞ்சிய சில ஓநாய்கள் தங்களுக்குள்ளேயே கூடிக் கூடி இனம் நலிந்தது. 2016-ல் இரண்டே ஓநாய்கள் மிச்சம். 2018-ல் வெளியிலிருந்து புதிய ஓநாய்களைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. ஒரு வைரஸ் ஓட்டின் சில அமினோ அமிலங்கள் மாறியதில் தொடங்கியது, முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு காட்டின் மரங்கள் வரை வந்து முடிந்திருக்கிறது. காட்டோரக் கிராமங்களில் தெரு நாய்களும் செந்நாய்களும் ஒரே ஓடையில் நீர் குடிக்கும் நம் நாட்டில், இதை வேற்றூர்க் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

"ஊசி போட்டும் செத்துப்போச்சே!"

கால்நடை மருத்துவமனைகளின் வராந்தாவில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே அடுத்த வாக்கியமும் வரும்: "வைரஸ் மாறிடுச்சாம், பழைய ஊசி கேக்காதாம்." மரபணு மாற்றம் என்ற சொல் செய்திகளில் அடிபட அடிபட, இந்த நம்பிக்கையும் வேர்பிடித்துவிட்டது. இது தவறான நம்பிக்கை, ஆபத்தானதும்கூட.

சந்தையில் இருக்கும் தரமான உயிருள்ள தடுப்பூசிகள் பெரும்பாலும் பழைய சிபிவி-2-ஐயோ 2பி-யையோ கொண்டு செய்தவை. அவற்றைப் போட்ட நாய்களுக்குள் 2சி-யைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் அந்த நாய்கள் நோயிலிருந்து தப்பின. ஒட்டுமொத்த ஓட்டில் மாறியிருப்பது சில இடங்களே. ஆன்டிபாடிகள் பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஊசி போட்ட வளர்ந்த நாய்களிலும் 2சி கண்ட சம்பவங்கள் இத்தாலியிலிருந்து வந்தது உண்மை. ஆகவே கண்காணிப்பு வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நம் குட்டிகள் சாவதற்கு முதல் காரணம் 426-ஆவது இடம் அல்ல. ஊசி எந்த வயதில் போட்டார்கள், எந்த வயதோடு நிறுத்தினார்கள் என்பதுதான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் ஆன்டிபாடிகள் குட்டியின் ரத்தத்துக்குப் போகின்றன. சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை அவை பாதியாகக் குறையும். ஒரு குட்டியின் அளவு பிறந்தபோது 640 என்று வைத்துக்கொள்வோம். முப்பதாம் நாள் 80. ஐம்பதாம் நாள் 20. தெருவில் இருக்கும் வீரியமான வைரஸைத் தடுக்க 80 அளவாவது வேண்டும். ஆனால் ஊசியில் இருக்கும் பலவீனமான வைரஸை 20 அளவுகூட அழித்துவிடும். அப்படியானால் முப்பதாம் நாளுக்கும் ஐம்பதாம் நாளுக்கும் நடுவே அந்தக் குட்டிக்குத் தாயின் காப்பும் போதாது, ஊசியும் பிடிக்காது. எந்தக் கம்பெனி ஊசியானாலும் இதே கதிதான். தாயிடம் எதிர்ப்பு அதிகமிருந்தால் இந்த இடைவெளி மூன்று, நான்கு மாதம் வரை தள்ளிப்போகும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயேகூட இது மாறுபடும், யார் எவ்வளவு சீம்பால் குடித்தார்கள் என்பதைப் பொறுத்து.

எந்தக் குட்டிக்கு எந்த நாளில் இடைவெளி மூடும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு என்று வகுத்திருக்கிறது. அதற்கு மேலும் ஒன்று, ஆறு மாத வயதையொட்டி. நம் ஊரில் நடப்பது என்ன? 45 நாளில் ஒன்று, 60 அல்லது 70 நாளில் ஒன்று, "ரெண்டு ஊசியும் ஆச்சு" என்று அட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் குட்டி ரத்தமாகக் கழியும்போது வைரஸ் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, 30 நாள் குட்டிகளைக் கூண்டில் அடைத்து விற்பது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. சந்தைகளில் அதை யார் மதிக்கிறார்கள்? தாயைப் பிரிந்த அதிர்ச்சி, வயிற்றில் புழு, பல வீட்டுக் குட்டிகள் ஒரே கூண்டில். பார்வோவுக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். தொற்றி மூன்று முதல் ஏழு நாளில் நோய் தெரியும் என்பதால், பெரும்பாலும் புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே படுத்துவிடுகிறது. ஒரு குழந்தை அந்தக் குட்டிக்குப் பெயர் வைத்து முடித்திருக்கும்.

வந்துவிட்டால்

வைரஸைக் கொல்லும் வாடிக்கையான மருந்து இல்லை. சிகிச்சை என்றால் டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, பாக்டீரியா தொற்றாமல் இருக்க ஆன்டிபயாடிக், ரத்தச் சர்க்கரையும் பொட்டாசியமும் குறையாமல் பார்த்துக்கொள்வது. நேரத்தில் தொடங்கி முறையாகக் கவனித்தால் பத்தில் எட்டு, ஒன்பது குட்டிகள்கூடப் பிழைக்கும். முன்பு கழிச்சல் நிற்கும்வரை பட்டினி போடுவார்கள். வாந்தியைக் கட்டுப்படுத்திவிட்டுச் சீக்கிரமே சிறிது சிறிதாக உணவு கொடுத்தால் குடல் விரைவில் ஆறுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் எலான்கோ நிறுவனத்தின் பார்வோ ஆன்டிபாடி மருந்துக்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. வைரஸின் மேலேயே ஒட்டிக்கொண்டு அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பது அதன் வேலை.

குட்டி இறந்த வீட்டில் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள், நிழலும் ஈரமுமாக இருந்தால் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சுற்றிலும் கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசரும் சோப்பும் அதை ஒன்றும் செய்யாது. வாசனையான தரைக் கழுவிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். மலத்தை முழுதாக அகற்றிக் கழுவிவிட்டு, பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டும் இது வீடு வந்து சேரும். மனிதர்களுக்கு நாய்ப் பார்வோ தொற்றாது. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து காய்ச்சல் வரும் பார்வோ வேறு வைரஸ்.

மாநகராட்சிகள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போடுகின்றன. அதே கையோடு பார்வோ ஊசியையும் சேர்த்தால் தெருக்களில் சுற்றும் வைரஸின் அளவே குறையும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் மரபணுக் கண்காணிப்புக்கு நிதி தொடர வேண்டும். ஊசியை மீறும் ஒரு வம்சம் என்றாவது உருவானால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். வாங்கிய குட்டியின் ஊசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்; கடைசிப் பார்வோ ஊசி 16 வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தால், நாளை காலை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.